எங்கள் மார்க்கைக் கேட்டு வந்த பாக்தாத்காரர்

ஈராக் மீதான பொருளாதாரத் தடையை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று எங்கள் டீ ஃபாக்டரியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். இலை எடை போடுகிறவர், அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா என்று ஒருவரையும் விடவில்லை. இலை ஏற்றிவந்த லாரி டிரைவர் லட்டை வாங்கிக்கொண்டு, முதலாளி வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஈராக்கில் தடை நீங்கிவிட்டது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொரு லட்டு கேட்டார்.

அந்த ஃபாக்டரி மஞ்சூருக்குக் கீழே, குந்தாவுக்குப் போகிற சாலையில் ஒரு வளைவில் இருந்தது. அதற்குச் சொந்தத் தோட்டம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி, காயவைத்து, தூளாக்கி விற்பதுதான் தொழில். முதலாளியின் அப்பா கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து மளிகைக்கடை வைத்தவர். மகன் அதை டீ ஃபாக்டரியாக வளர்த்தார். வளர்ந்த பிறகும் மளிகைக்கடை புத்தி மட்டும் கூடவே இருந்தது. சாக்கில் அடியில் தங்குவதையும் விற்றுவிட வேண்டும் என்று நினைப்பார். நான் அங்கே டைப்பிஸ்ட். பெயருக்குத்தான் டைப்பிஸ்ட். போன் எடுப்பது, ஃபேக்ஸ் அனுப்புவது, ஆங்கிலப் பேப்பரைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்வது எல்லாம் நான்தான். மலையில் அப்போது பி.காம். படித்த பெண்ணுக்கு அது நல்ல வேலை. வேறு வேலை இல்லை என்பதால் நல்ல வேலை.

தேயிலை விலை பாதாளத்தில் கிடந்த வருடங்கள் அவை. ரஷ்யாக்காரர்கள் வாங்குவதைக் குறைத்ததிலிருந்து மலையே படுத்துவிட்டது. ஒரு கிலோ பச்சை இலையைக் கொடுத்துவிட்டு வரும் காசுக்கு மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட முடியாது. கையால் கிள்ளினால் கூலிக்குக் கட்டவில்லை என்று விவசாயிகள் அரிவாளால் அறுத்தார்கள். இலையோடு காம்பும், காம்போடு குச்சியும் வந்தது. ஒருமுறை பிளாஸ்டிக் வளையல் ஒன்றும் வந்தது. எங்கள் ஃபாக்டரி எதையும் திருப்பி அனுப்பாது. விலை குறைவாகப் போடும், அவ்வளவுதான். எல்லாம் உள்ளே போய் வெளியே வரும்போது ஒரே நிறமாகத்தான் வரும்.

அந்தத் தூளை யார் குடிப்பார்கள் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யோசித்தேன். ஈராக் குடித்தது.

அந்த நாட்டின் மேல் உலக நாடுகள் கூடித் தடை போட்டிருந்தன. எண்ணெயை விற்று அவர்கள் இஷ்டத்துக்கு எதுவும் வாங்க முடியாது. சாப்பாட்டுச் சாமான்கள் மட்டும் கணக்குப் பார்த்து உள்ளே விடுவார்கள். மாவு, அரிசி, சர்க்கரை, அதோடு டீத்தூள். அங்கத்திய அரசாங்கம் அதை மொத்தமாக வாங்கி ரேஷனில் கொடுக்கும். குன்னூரில் இருந்த ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் மூலம் எங்கள் தூள் அந்த வழியில் போனது. வாங்குகிறவர் குடிக்கிறவர் இல்லை. குடிக்கிறவருக்கு வேறு கடை இல்லை. இதைவிட நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் எந்த வியாபாரிக்கும் அமைந்திருக்க மாட்டார். மற்ற ஃபாக்டரிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தபோது எங்கள் புகைபோக்கி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. முதலாளி தன் நிர்வாகத் திறமை என்று சொல்லிக்கொள்வார்.

போர் வந்தபோது அவர் ஆபீசுக்குள் ஒரு டி.வி. பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். குண்டு விழுகிற படத்தை நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். முதலாளி மட்டும் பொறுப்பாகப் பார்ப்பார்.

“அம்மிணி, குடோன் ஏதாச்சும் எரிஞ்சுதான்னு போட்டிருக்குதா?”

இல்லீங்க என்பேன். எரிந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. எரிந்தால் திரும்ப வாங்கித்தானே ஆக வேண்டும் என்று எடை போடுகிறவரிடம் அவரே விளக்கினார்.

ஆட்சி கவிழ்ந்தது. அந்த நாட்டு அதிபரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்ததை முதலாளி நின்றுகொண்டே பார்த்தார். பிறகு சில வாரங்களில், ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்த சமயத்தில், தடை நீங்கிய செய்தி வந்தது. முதலாளியின் கணக்கு எளிமையானது. கையைக் கட்டிப் போட்டிருந்தபோதே அவர்கள் இவ்வளவு வாங்கினார்கள். கட்டை அவிழ்த்துவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள். அதற்குத்தான் லட்டு.

வீட்டுக்குக் கொண்டுபோன லட்டை அம்மா பிட்டு வாயில் போட்டுவிட்டு, “டால்டா இல்ல புள்ள, நெய்யி. ஒங்க மொதலாளி மெய்யாத்தான் நம்புறாரு” என்றார். அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே கொழுந்து பறித்து, கல்யாணம் முடிந்த கையோடு கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பப்பட்டவர். இங்கே வந்தும் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்துதான் பறித்தார். டீயைக் கடைசிவரை தேத்தண்ணி என்றுதான் சொன்னார்.

லட்டு செரித்துப் பல மாதங்கள் ஆகியும் ஈராக்கிலிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. புது ஆட்சி இன்னும் நிலையாக உட்காரவில்லை என்றார் முதலாளி. பிறகு, துறைமுகம் சரியில்லை என்றார். குடோனில் சாக்குகள் கூரையைத் தொட்டன. ஈரம் ஏறிய தூளில் ஒரு பழைய நோட்டுப்புத்தக வாசனை வரத் தொடங்கியது.

அப்போதுதான் குன்னூர் ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. பாக்தாத்திலிருந்து ஒரு டீ வியாபாரி வந்திருக்கிறாராம். பெரிய பெரிய எஸ்டேட்டுகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாராம் ஏஜென்ட். வந்தவர் எதற்கும் தலையாட்டவில்லையாம். எங்கள் சாக்கின் மேல் இருக்கும் மார்க்கைச் சொல்லி, அந்த ஃபாக்டரியைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். ஏஜென்டின் குரலிலேயே குழப்பம் இருந்தது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நம்ம மார்க்கக் கேட்டே வாறாங்களா?”

“ஆமாங்க சார். வேற எதுவும் வேண்டாம்னுட்டாங்களாம்.”

அவர் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் ஃபாக்டரி கல்யாண வீடாக இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். குடோன் வாசலைத் தார்ப்பாய் போட்டு மறைத்தார்கள். வருகிறவருக்குத் தொழுகை நடத்த ஒரு அறை வேண்டும் என்று டைப்ரைட்டரோடு என்னை என் அறையிலிருந்து கிளப்பினார்கள். கூடலூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார் முதலாளி. வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பி, கூடலூரில் பேக்கரி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் வந்து எங்களுக்கு அரபி சொல்லிக்கொடுக்க வேண்டும், விருந்தாளி வரும்போது எல்லோரும் வரிசையில் நின்று அவருடைய மொழியிலேயே வரவேற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எடை போடும் கொட்டகையில் பாடம் நடந்தது. பேக்கரிக்காரர் நல்ல வாத்தியார். உரக்கச் சொல்லுங்க, பயப்படாம சொல்லுங்க என்பார். “யல்லா, யல்லா” என்றால் வாங்க வாங்க என்று அர்த்தம் என்றார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படகரும் தமிழரும் மலையாளத்தாரும் ஒரே குரலில் ஒரு மொழியைச் சொன்னது அந்த ஃபாக்டரி வரலாற்றில் அதுதான் முதல் தடவை. விறகு தள்ளுகிறவர் வீட்டில் ஆட்டுக்குட்டியை யல்லா என்று கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

முதலாளிக்கு இன்னொரு யோசனையும் வந்தது. ஃபாக்டரியை ஒட்டி அவருக்கு ஒரு துண்டுச் சரிவில் தேயிலை இருந்தது. அங்கே ஒரு பெண் கூடையோடு நின்று இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக அழகாகக் கிள்ளுவதை விருந்தாளி பார்க்க வேண்டும். அரிவாள்கள் அன்று எங்கும் தென்படக் கூடாது. “உங்க அம்மாவக் கூட்டிட்டு வந்துரு அம்மிணி. சிலோன்ல பறிச்சவீங்கன்னு சொன்னா ஒரு மதிப்பு” என்றார். அம்மா எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வந்தார். இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, அதன் மேலே, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் சுற்றிக்கொண்டார். நடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. கூலி உண்டா என்று மட்டும் கேட்டார்.

விருந்தாளி வந்த அன்று மஞ்சு இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. தூறலும் இருந்தது. ஏஜென்டின் கார் வாசலில் நின்றதும் இரண்டு பக்கமும் வரிசையில் நின்றவர்கள் தொண்டை கிழிய “யல்லா, யல்லா” என்றார்கள். காரிலிருந்து இறங்கியவர் திடுக்கிட்டு நின்றார். நரைத்த மீசை, பழைய கோட்டு, கையில் ஒரு சின்னப் பை. வரிசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மறுபடியும் யல்லா என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறக்குறைய ஓட ஆரம்பித்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஏஜென்ட் பின்னால் ஓடினார். முதலாளி மாலையோடு அவர்களுக்குப் பின்னால் ஓடினார்.

உள்ளே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் ஊரில் விருந்தாளியை எதற்காக இப்படி விரட்டுகிறார்கள் என்று. யல்லா என்றால் சீக்கிரம், நட நட என்று அர்த்தமாம். நான் பேக்கரிக்காரரைப் பார்த்தேன். விருந்தாளி அவரிடம் அரபியில் ஏதோ கேட்டார். பேக்கரிக்காரருக்கு அது முழுதாகப் புரியவில்லை. கேட்டது என்னவாக இருக்கும் என்பது மட்டும் புரிந்தது போல, என்னிடம் சொன்னார்:

“அந்த அரபி ஊட்டுல எங்கிட்ட வேற வாக்கு ஆரும் பறயல. கேட்டதத்தான படிப்பிக்க ஏலும்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். விருந்தாளி சிரிக்கவில்லை. பேக்கரிக்காரரின் தோளில் கையை வைத்து இரண்டு தட்டு தட்டினார்.

முதலாளி அவரை ருசி பார்க்கும் மேசைக்கு அழைத்துப் போனார். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அதில் இருந்தது எங்கள் டீ இல்லை. மேலே இருந்த பெரிய எஸ்டேட் ஒன்றிலிருந்து முதல்தரத் தூளை வாங்கிவந்து வைத்திருந்தார் முதலாளி. பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நகையைப் போடுவதில்லையா, அதுபோல என்று எங்களுக்கு நியாயமும் சொல்லியிருந்தார். விருந்தாளி ஒரு கோப்பையை முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். நல்ல டீ என்று பாராட்டிவிட்டு, ஆனால் இது உங்களுடையது இல்லை என்று என்னிடம் சொன்னார்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். “என்னங்குறாரு?”

“நம்ம டீதான் வேணுங்கிறாருங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா. எஸ்டேட் சரக்க வெச்சாலும் நம்முளுதுதான் கேக்குது” என்று சொல்லிக்கொண்டே அவரே தார்ப்பாய்க்குப் பின்னால் போய் ஒரு கை தூளை அள்ளி வந்தார்.

விருந்தாளி கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரை எடுத்தார். இடுப்பு ஒடுங்கிய தம்ளர். அவர்கள் ஊரில் டீ குடிப்பது அதில்தானாம். பால் வேண்டாம் என்றார். சர்க்கரை நிறையப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மஞ்சில் வெளிச்சம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த டீ வழியாக எதுவும் தெரிந்திருக்காது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இதேதான் என்றார்.

பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். அவர் வியாபாரியாகப் பிறந்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தடைக் காலத்தில் வாத்தியார் சம்பளம் குப்பைக் காகிதமாகிவிட, தன் தெருவுக்கு ரேஷன் கடை நடத்தும் வேலையை எடுத்தார். மாவு வந்தது, சர்க்கரை வந்தது, எங்கள் டீயும் வந்தது. தெருக்காரர்கள் அதைக் குடித்துவிட்டு அவரைத் திட்டினார்கள். நல்ல தூளை எடுத்து விற்றுவிட்டு மரத்தூளைக் கலந்து கொடுக்கிறார் என்று பேச்சு. ஒரு பெண் பொட்டலத்தைப் பிரித்து அவர் மேசை மேலேயே கொட்டிவிட்டுப் போனாள். சொந்த மைத்துனரே ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்காவது நல்லதைக் கொடு என்றாராம். குண்டு விழுகிற காலத்திலும் எங்கள் ஊரில் வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டோம், அந்த டீயை நீட்டுவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தோம் என்றார்.

“எந்த நாட்டுக்கு எங்கள் மேல் இவ்வளவு கோபம் என்று பேசிக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த வருடங்களில் அவர் சாக்கின் மேல் இருந்த மார்க்கைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டிருந்தார். இப்போது தடை இல்லை, ஒரு கூட்டாளியோடு டீ வியாபாரம் தொடங்கியிருக்கிறார். வெளிநாடு வர வாய்ப்பு வந்ததும் முதலில் இந்த இடத்தைப் பார்த்துவிட நினைத்தாராம். எனக்கு அந்தக் குளிரிலும் காது சுட்டது. முதலாளி ஆவலாக நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்லுகிறார் என்று கேட்டார்.

“ரொம்ப வருசமா நம்ம டீயத்தான் அவங்க தெருவே குடிச்சுதாம்ங்க. மார்க்க மனப்பாடமா வெச்சிருக்காராம்.”

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்து சரிவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அம்மா மஞ்சுக்குள் சாமி சிலை மாதிரி கூடையோடு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கை வேலை தொடங்கியது. முதலாளி, சிலோன், சிலோன் என்று ஆங்கிலம் போல அழுத்திச் சொன்னார். விருந்தாளிக்கு முகம் மலர்ந்தது. சிலோனிலிருந்து இங்கே எதற்காக வந்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

“ரெண்டு ராச்சியமும் பேசிக் கையெழுத்துப் போட்டு எங்களப் பங்கு பிரிச்சிச்சுன்னு சொல்லு புள்ள. தேயில அங்கிட்டு, நாங்க இங்கிட்டு.”

அவர் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தலையாட்டினார். உங்கள் மேலும் யாரோ தடை போட்டிருக்கிறார்கள் என்றார். அம்மாவுக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அவரிடம் கேட்க வேறு ஒன்று இருந்தது. இந்த ஃபாக்டரித் தேத்தண்ணியையா அத்தனை வருடமும் குடித்தார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா அவரைப் பார்த்து நாக்கைத் தட்டி உச்சுக் கொட்டினார்.

“பாவம். நம்ம வீட்டுல இத வாங்குறதே இல்லைன்னு சொல்லு.”

முதலாளி தமிழ் தெரிந்தவர். “அதையெல்லாம் சொல்ல வேண்டாம் அம்மிணி” என்றார் அவசரமாக. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அம்மா முகத்தைச் சுளித்துக் கையை விரித்துக் காட்டிவிட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். முதலாளியும், வியாபாரம் கூடிவருகிறது என்று நினைத்து, கூடவே சிரித்தார்.

சிரித்து முடித்ததும், நாளைக்கு நான் கொழும்புக்குப் போகிறேன், டீ அங்கேதான் வாங்கப் போகிறேன் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் மெதுவாக அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கொழுந்து பறிப்பதை நிறுத்தினார்.

“போயிட்டு வாங்கன்னு சொல்லு. அங்க பாணும் நல்லாயிருக்கும், அதையும் சாப்புடச் சொல்லு.”

பாண் என்றால் சிலோனில் பாக்கெட்டில் போடாமல் விற்கிற பேக்கரி ரொட்டி. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெறுமனே ரொட்டி என்றேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கொழும்பு என்ற சொல் முதலாளியின் காதில் விழுந்துவிட்டது. அங்கே எதற்குப் போகிறார் என்று ஏஜென்டிடம் கேட்டார். ஏஜென்ட் பதில் சொல்வதற்குள் அவரே, நம் விலையைக் காட்டி அங்கே குறைக்கச் சொல்வதற்காக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

புறப்படும் நேரத்தில் விருந்தாளி ஒரு உதவி கேட்டார். ஃபாக்டரியின் பெயர்ப் பலகைக்குக் கீழே, முதலாளியோடும் ஒரு சாக்கோடும் தன்னை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். சாக்கில் மார்க் நன்றாகத் தெரிய வேண்டும். தெருவில் அத்தனை பேருக்கும் அதைக் காட்ட வேண்டும் என்றார். டீயைக் கெடுத்தது நான் இல்லை, இதோ இவர்தான் என்று.

“போட்டோ எடுத்துட்டுப் போய் அவங்க தெருவுல எல்லாருக்கும் காட்டோணுமாம்ங்க” என்றேன்.

முதலாளி உள்ளே ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டார். சாக்கைக் குழந்தையைப் போல ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை விருந்தாளியின் தோளில் போட்டு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். பாக்தாத்காரரின் காமிராவில் ஒன்றும், முதலாளி ஊட்டியிலிருந்து வரவழைத்திருந்த ஸ்டூடியோக்காரரின் காமிராவில் ஒன்றுமாக எடுத்தார்கள். விருந்தாளியும் சிரித்தார். அவருடைய சிரிப்பில் ஒரு வழக்கு தீர்ந்த நிம்மதி இருந்தது. கார் கிளம்பும்போது வரிசையில் நின்றவர்கள் மறுபடியும் “யல்லா, யல்லா” என்றார்கள். இந்தத் தடவை அது சரியாகப் பொருந்தியது.

எங்கள் பிரதியைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆபீஸ் வாசலில் மாட்டினார் முதலாளி. இலை கொண்டுவருகிறவர்களை நிறுத்தி வைத்துக் காட்டுவார். அதே படம் பாக்தாத்தில் ஒரு தெருவில் கை மாறிக் கை மாறிப் போவதை நான் நினைத்துப் பார்ப்பேன். டீயைக் கொட்டிவிட்டுப் போன அந்தப் பெண் அதை வாங்கி உற்றுப் பார்த்திருப்பாள். எங்கள் முதலாளியின் பல்லைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை.

ஆர்டர் வரவில்லை. ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே முதலாளி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முதலில் அமெரிக்காக்காரர்கள் மேல் பழி விழுந்தது, பிறகு கொழும்பு மேல், பிறகு பேக்கரிக்காரரின் அரபி மேல். அம்மா மேல் விழவில்லை. அது ஒன்றுதான் ஆச்சரியம். டி.வி.யில் அந்த ஊர்ச் சந்தைகளில் வெடித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஓடுகிறவர்களில் பழைய கோட்டுப் போட்டவர் யாராவது இருக்கிறாரா என்று நான் தேடுவேன். ஒருமுறை நரைத்த மீசைக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முகத்தைக் காட்டவில்லை. முதலாளி இப்போது குடோனைப் பற்றிக் கேட்பதில்லை. வேறு சேனல் வைக்கச் சொன்னார். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, அவரா இருக்காது என்றார் அம்மா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். இருக்காது என்று மறுபடியும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் முதலாளி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். ஈரான் மேல் தடை போடப் போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறதாமே, படித்துச் சொல் என்றார். படித்தேன். அப்படி ஒரு பேச்சு இருந்தது. அங்கேயும் டீ நிறையக் குடிப்பார்கள் என்றார். நல்ல சாமியாகப் பார்த்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எந்தச் சாமி அந்த வேண்டுதலைக் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மளிகைக்கடைச் சாமி ஏதாவது இருந்தால் கேட்டிருக்கும்.

அந்தத் தடையும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. குடோனில் இடம் இல்லை என்று மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஃபாக்டரி பச்சை இலை வாங்குவதை நிறுத்தியது. அரிவாளால் அறுத்த இலையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு கேட் திறக்கவில்லை. முதலாளி முதல்நாளே கோயமுத்தூருக்கு இறங்கிப் போயிருந்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நானும் வாட்ச்மேனும் நின்றோம். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட வார்த்தைகளை நான் எந்த மொழியிலும் பெயர்க்க மாட்டேன். கடைசியில் அவர்கள் சாக்குகளைப் பிரித்து அத்தனை இலையையும் சாலையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். வளைவு முழுக்கப் பச்சை.

சாயங்காலம், எஸ்டேட்டிலிருந்து அம்மா வந்த பஸ்ஸில் நான் ஃபாக்டரி வாசலில் ஏறிக்கொண்டேன். கிளம்பியதுமே அது அந்த வளைவில் வழுக்கியது. நசுங்கிய இலையின் மேல் சக்கரம் சுற்றியதே தவிர ஏறவில்லை. கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். எங்களில் பாதிப் பேர் தேயிலையால் சோறு சாப்பிட்டவர்கள், தேயிலையைக் காலால் ஒதுக்கித் தள்ளி பஸ்ஸுக்கு வழி செய்தோம். மழை ஈரத்தோடு பச்சை வாசனை குப்பென்று எழும்பியது. இத்தனை நல்ல வாசனை எங்கள் ஃபாக்டரிக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அம்மா மட்டும் காலால் தள்ளவில்லை. ஓரமாக உட்கார்ந்து முந்தானையில் நல்ல கொழுந்தாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்று கேட்டேன். வீட்டில் வறுத்துப் பார்க்கலாம் என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் ஒரு கை அள்ளிக்கொண்டுதான் அம்மா எழுந்தார்.